நோகாத கை

தொழுநோய் கண்டவர்களின் விரல்கள் தாமாகவே அழுகி உதிர்ந்துவிடும் என்னும் நம்பிக்கை நம் கிராமத்துத் திண்ணைகளில் மட்டும் நிலவிய ஒன்றன்று. ஐரோப்பாவின் மருத்துவக் கல்லூரிகளிலும், அங்கே பயின்று உலகின் பல பாகங்களுக்குச் சென்ற வைத்தியர்களின் மனத்திலும், இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதி வரையில் அது பெரும்பாலும் கேள்வி கேட்பாரற்ற சித்தாந்தமாகவே வீற்றிருந்தது. நார்வே தேசத்து ஹன்ஸன் 1873-ஆம் ஆண்டில் இந்நோயின் கிருமியைக் கண்டறிந்த பிறகு, சதையைத் தின்பதும் எலும்பைக் கரைப்பதும் அந்தக் கிருமியின் வேலையே என்று கருதுவது முன்னிலும் சுலபமாயிற்று. நீரடிமுத்து எண்ணெயை ஊசி மூலம் ஏற்றுவதைத் தவிர வேறு உருப்படியான சிகிச்சை இல்லாதிருந்த காலத்தில் இந்தச் சித்தாந்தத்தைச் சோதித்துப் பார்க்க வழியும் இருக்கவில்லை. 1940-களில் ஸல்போன் வகை மருந்துகள் வந்தன, கிருமிகள் குறைந்தன, இவரால் பிறருக்கு அபாயமில்லை என்று வைத்தியர்களே சான்று கொடுத்து நோயாளியை வீட்டுக்கு அனுப்பும் நிலைமை ஏற்பட்டது. ஆயினும், அவ்விதம் குணமடைந்து போனவர்கள் சில காலம் கழித்துத் திரும்பி வந்தபோது அவர்களுடைய விரல்கள் முன்னிலும் குட்டையாகியிருந்தன. கள்வனென்று ஐயுற்றவனைச் சிறையிலிட்ட பிறகும் ஊரில் களவு நிற்கவில்லையென்றால், வேறொருவனைத் தேடத்தானே வேண்டும்? அந்தத் தேடல் நடந்த இடங்கள் செங்கற்பட்டும் வேலூரும்.

தேடியவர்களில் முதன்மையானவர் பால் பிராண்ட் என்னும் எலும்பு ரண சிகிச்சை நிபுணர். பாதிரிமார் தம்பதிக்கு மகனாக 1914-ஆம் ஆண்டில் நம் கொல்லிமலையிலே பிறந்து, மலைவாழ் சிறுவர்களோடு மரமேறித் திரிந்து, ஒன்பதாவது பிராயத்தில் படிப்பின் நிமித்தம் இங்கிலாந்துக்கு அனுப்பப்பட்டவர் அவர். தந்தையை அதன் பின் அவர் காணவில்லை. 1929-இல் காய்ச்சல் கண்டு தந்தை மலையிலேயே காலமானார். மருத்துவம் பயிலப் புகுவதற்கு முன்னால் சில ஆண்டுகள் தச்சு வேலையும் கொத்து வேலையும் முறையாகக் கற்றுக்கொண்டார் பிராண்ட். லண்டன் நகரம் யுத்தகாலக் குண்டுவீச்சில் எரிந்துகொண்டிருந்த நாட்களில் ரண சிகிச்சை பயின்று, 1946-இல் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரிக்கு வந்து சேர்ந்தார். அவரைப் பற்றி எழுதுகிறவர்கள் அவருடைய பக்தியையும் கருணையையும் விரிவாகப் பேசுவது வழக்கம்; அவை மெய்யே. ஆனால், இந்த ஆராய்ச்சியின் வெற்றிக்கு அவருடைய கருணையைக் காட்டிலும் அவருக்கிருந்த தச்சனின் கண்ணே அதிகமாக உதவியது என்பது என் அபிப்பிராயம். ஒரு மூட்டு ஏன் இப்படித் திரும்புகிறது, இந்தப் பலம் எங்கிருந்து புறப்பட்டு எங்கே போய்ச் சேருகிறது என்று கேட்கிற கண் அது.

தொழுநோய் நிபுணரான ராபர்ட் காக்ரேன் 1947-இல் அவரைச் செங்கற்பட்டிலிருந்த லேடி வில்லிங்டன் தொழுநோய் நிலையத்துக்கு அழைத்துச் சென்றார். மரங்களின் நிழலிலும் கூடத்துத் தாழ்வாரங்களிலும் அமர்ந்திருந்த நோயாளிகளின் கைகளைப் பிராண்ட் பார்த்துக்கொண்டே போனார். பருந்தின் நகங்களைப் போல் உள்ளே வளைந்து மடங்கியவை, விரல்களில் பாதி இல்லாதவை, வெறும் உள்ளங்கை மட்டும் எஞ்சியவை என்று எத்தனையோ வகை. இவை ஏன் இப்படி ஆகின்றன என்று அவர் கேட்க, தாம் சரும வைத்தியரென்றும், எலும்பும் தசையும் அறிந்தவர் அவரேயென்றும், போலியோவினால் முடமானவர்களைவிட இந்நோயால் முடமானவர்கள் அதிகமாயிருந்தும் எலும்பு ரண சிகிச்சை நிபுணர் ஒருவராவது இவர்களைத் திரும்பிப் பார்க்கவில்லையென்றும் காக்ரேன் சற்றுச் சூடாகவே பதிலளித்தார். அந்தப் பதில் கேட்பவரைத் தைக்க வேண்டுமென்றே சொல்லப்பட்டது, தைத்தது.

சிறிது நேரத்துக்கெல்லாம் ஒரு காரியம் நடந்தது. கை மடங்கிப்போன ஒரு வாலிபரிடம் தம் கையைக் கொடுத்து, இயன்ற மட்டும் அழுத்திப் பிடிக்கும்படி பிராண்ட் சொன்னார். பக்கவாதம் வந்த கையைப்போல் ஏதோ லேசாகத் தொடுவதைத்தான் அவர் எதிர்பார்த்தார். பிடித்த பிடியில் நகங்கள் அவர் கையில் பதிந்தன. வலி பொறுக்காமல் விடச் சொல்ல வேண்டியதாயிற்று. விரலை நிமிர்த்த முடியாத அந்தக் கையில், மடக்குகிற பலம் சற்றும் குறையாமல் இருந்தது. முடமான கையென்று எல்லாராலும் கைவிடப்பட்ட ஒன்றில் இவ்வளவு நல்ல தசை எங்கே ஒளிந்திருக்கிறது என்னும் வினாவிலிருந்துதான் பின்னால் வந்த அத்தனை ஆராய்ச்சியும் கிளைத்தது.

இங்கே கையின் அமைப்பைச் சிறிது பார்த்துக்கொள்வது நல்லது. விரல்களை மடக்குகிற பெரிய தசைகள் விரலில் இல்லை, முன்கையில் இருக்கின்றன. அங்கிருந்து நீண்ட தசைநாண்கள் மணிக்கட்டைக் கடந்து விரல் நுனி வரை ஓடி இழுக்கின்றன. ஆனால், மொட்டிக்கணுவை மடக்கிக்கொண்டே மற்ற இரண்டு கணுக்களையும் நீட்டி வைக்கும் நுட்பமான காரியத்தை, அதாவது பேனாவைப் பிடிப்பதையும் சோற்றைத் திரட்டி எடுப்பதையும் பொத்தான் மாட்டுவதையும், செய்விப்பவை உள்ளங்கைக்குள்ளேயே இருக்கும் சிறு தசைகள். இவற்றில் பெரும்பாலானவற்றுக்கு அல்நார் நரம்பும், எஞ்சியவற்றுக்கும் கட்டைவிரலின் தசைகளுக்கும் மீடியன் நரம்பும் ஆணை கொண்டு வருகின்றன. முழங்கை எங்கேனும் இடிபடும்போது சுண்டுவிரல் வரையில் சுரீரென்று பாய்கிறதே, அந்த இடத்தில் தோலுக்கு வெகு சமீபமாக ஓடுவது அல்நார் நரம்புதான். தொழுநோய் அதை முழங்கைக்குச் சற்று மேலேயும், மீடியன் நரம்பை மணிக்கட்டின் அருகிலும் பிடிக்கிறது. மீடியன் நரம்பு மணிக்கட்டுக்கு வருமுன்பே முன்கையின் பெருந்தசைகளுக்குக் கிளை பிரித்துக் கொடுத்துவிடுவதால் அவை பிழைத்துக்கொள்கின்றன. உள்ளங்கைச் சிறு தசைகள் ஓய்ந்துபோக, எதிர்ப்பாரில்லாத பெருந்தசைகள் விரலை உள்ளே இழுத்து மடக்கிவிடுகின்றன. வாலிபரின் பிடி அவ்வளவு பலமாயிருந்ததற்கும், அவரால் விரலை நிமிர்த்த முடியாததற்கும் காரணம் ஒன்றே.

எல்லா நரம்புகளையும் விட்டு, குறிப்பிட்ட சில இடங்களில் மட்டும் நோய் ஏன் தங்குகிறது என்பது அடுத்த வினா. செங்கற்பட்டில் இறந்த நோயாளி ஒருவரின் உடலைப் பரிசோதிக்க அனுமதி கிடைத்ததும், பிராண்ட் அங்கே விரைந்து சென்று, நரம்புகளை அவற்றின் மூலத்திலிருந்து நுனி வரையில் தோலுரித்துத் திறந்து பார்த்தார். தசைகளுக்கடியில் ஆழமாக ஓடிய பாகங்கள் சாதாரணமாயிருந்தன. முழங்கை, மணிக்கட்டு, முழங்கால், கணுக்கால் ஆகிய மூட்டுகளின் அருகே தோலையொட்டி மேலே வந்த பாகங்களே தடித்து வீங்கியிருந்தன. உடம்பில் குளிர்ச்சி மிகுந்த இடங்கள் அவை. கிருமி குளிர்ச்சியை விரும்புகிறது என்னும் ஊகம் இதனால் வலுப்பட்டது. பின்னர் 1960-இல் அமெரிக்க ஆராய்ச்சியாளரான ஷெப்பர்ட், ஆய்வுக்கூடத்தில் எந்தக் கஷாயத்திலும் வளர மறுத்த இந்தக் கிருமியைச் சுண்டெலியின் பாதத்தில் செலுத்தி வளர்த்துக் காட்டினார். எலியின் பாதமும் அதன் உடலின் குளிர்ந்த பாகமே.

இனி ரண சிகிச்சை. நல்ல தசை ஒன்று உபரியாக இருக்கும்போது, அதன் நாணை வேறிடத்தில் தைத்து வேறு வேலைக்கு அமர்த்துவது போலியோ நோயாளிகளிடத்தில் முன்பே பழக்கத்திலிருந்த முறை. ஒவ்வொரு விரலையும் மடக்க இரண்டு நாண்கள் உண்டு. ஒன்றை எடுத்தாலும் மற்றொன்று வேலையைக் கவனித்துக்கொள்ளும். ஆகவே, மோதிரவிரலின் மேல்நாணை அதன் நுனியில் அறுத்து, உள்ளங்கைக்கு இழுத்து, நாராகக் கிழித்து, உள்ளங்கைத் தசைகள் செல்லும் அதே சந்தின் வழியாக ஒவ்வொரு விரலின் பக்கவாட்டிலும் கொண்டுபோய்த் தைத்துவிட்டால், மடக்கிய அதே பலம் இனிமேல் விரலை நீட்டப் பயன்படும். இந்த ஏற்பாட்டை ஏற்கனவே வகுத்தவர்கள் ஸ்டைல்ஸ், பன்னல் என்னும் இருவர். தொழுநோயாளியின் சதை தைத்தால் ஆறாது என்று பலரும் எச்சரித்திருக்க, பிராண்ட் அதை அந்நோயாளிகளிடத்தில் பிரயோகித்தார். புண்கள் மற்றவர்களுக்கு ஆறுவது போலவே ஆறின. தொழுநோயாளியின் சதை அழுகும் சதை என்னும் பழைய சித்தாந்தத்தில் விழுந்த முதல் விரிசல் இது.

கட்டுப் பிரித்த பிறகுதான் வேலையின் பெரும் பகுதி தொடங்கும். விரல்களை நீட்ட வேண்டுமென்று நினைத்தால் ஒன்றும் அசையாது. மோதிரவிரலை மடக்கப்போவதாக நினைக்க வேண்டும், உடனே எல்லா விரல்களும் நீளும். மூளை பழகியிருந்ததற்கு நேர்மாறான இந்தப் பாடத்தை, நாள்தோறும் மெழுகு ஒத்தடம் கொடுத்து விறைப்பை இளக்கி, ஒவ்வொரு கணுவும் எத்தனை பாகை நிமிர்கிறது என்று அளந்து குறித்து, வாரக்கணக்கில் கற்பித்தார்கள் உடற்பயிற்சி சிகிச்சையாளர்கள். வேலூரில் அப்பணியைத் தொடங்கி வைத்தவர் ரூத் தாமஸ் என்னும் அம்மையார். ரண சிகிச்சை நிபுணரின் கத்திக்குக் கிடைக்கிற புகழில் கால்பங்கும் இந்த அளவுகோல்காரர்களுக்குக் கிடைப்பதில்லை. ஆராய்ச்சி என்று பிற்காலத்தார் போற்றுவதோ பெரும்பாலும் அவர்கள் எழுதிய குறிப்பேடுகளைத்தான். அந்தக் குறிப்பேடுகளே ஒரு குற்றத்தையும் வெளிப்படுத்தின. வளைந்து கொடுக்கும் இளங்கைகளில், சில காலம் சென்றதும், இடம் மாற்றிய நாண் அளவுக்கு மிஞ்சி இழுத்து, விரலின் நடுக்கணுவைப் பின்புறமாக வளைத்துவிட்டது. பிராண்ட் இதை மறைக்கவில்லை. 1958-இல் எலும்பு ரண சிகிச்சைச் சஞ்சிகையில் தம் அனுபவம் முழுவதையும் பரிசீலித்து வெளியிட்டார்; மணிக்கட்டை நிமிர்த்தும் தசை ஒன்றோடு, காலிலிருந்து எடுத்த மெல்லிய நாணொன்றை ஒட்டுப்போட்டு நீட்டி, விரலின் நாண்களைத் தொடாமலே காரியத்தை முடிக்கும் வேறொரு முறையையும் வகுத்துக்கொண்டார்.

சீர்ப்பட்ட கையோடு வெளியே போனவர்களின் கதை அவ்வளவு சுகமானதன்று. முன்பு மடங்கிய கையை நீட்டினால் காசு விழுந்தது, இப்போது கை நன்றாயிருப்பதால் பிச்சையும் கிடைக்கவில்லை, நோயாளி என்பதால் வேலையும் கிடைக்கவில்லை என்று திரும்பி வந்து முறையிட்டார்கள். அதை நன்றிகெட்ட பேச்சென்று தள்ளாமல், தம் சிகிச்சையின் ஒரு குறையாகவே எடுத்துக்கொண்டார்கள் வேலூர்க்காரர்கள். இதன் விளைவாகக் கல்லூரி வளாகத்திலேயே மண்குடிசைகளாலான ஒரு சிறு கிராமம் எழுந்தது. நவஜீவ நிலையம் என்பது அதன் பெயர். ரண சிகிச்சை பெற்ற வாலிபர்கள் அங்கே தங்கித் தச்சு வேலையும் மரப் பொம்மை செய்வதும் கற்றார்கள். தச்சு கற்பித்தவர்களில் பிராண்டும் ஒருவர். பிழைப்புக்கு வழி காட்ட ஏற்பட்ட அந்தக் குடிசைகளே, எந்த ஆய்வுக்கூடமும் தராத விடையைத் தந்தன.

ஒரு நாள் துருப்பிடித்த பூட்டொன்றைத் திறக்கச் சாவியைத் திருகித் திருகிப் பார்த்தும் பிராண்டினால் முடியவில்லை. பத்துப் பன்னிரண்டு வயது நோயாளிச் சிறுவன் ஒருவன் வந்து, நான் திறக்கிறேன் என்று சாவியை வாங்கினான். ஒரு திருகில் பூட்டுத் திறந்துகொண்டது. சிறுவனின் பலத்தை வியக்க நேரமில்லை; தரையில் ஒரு சொட்டு இரத்தம் விழுந்தது. கையைப் பிடித்துத் திருப்பிப் பார்த்தால், சாவியின் விளிம்பு தோலையும் கொழுப்பையும் கடந்து உள்ளே எலும்பு தெரியும்படி வெட்டியிருந்தது. சிறுவன் சிரித்துக்கொண்டு நின்றான். அவனுக்கு ஒன்றும் தெரியவில்லை. பெரியவரால் திறக்க முடியாத பூட்டைச் சிறுவன் திறந்ததன் ரகசியம் அவன் தசையில் இல்லை. நம் ஒவ்வொருவரின் தசைக்கும் அந்தப் பலம் உண்டு. சாவியின் விளிம்பு உறுத்தத் தொடங்கியதுமே வலி நம்மை நிறுத்திவிடுகிறது. அவனை நிறுத்துவதற்கு எதுவுமில்லை.

அதன் பிறகு நவஜீவ நிலையத்தில் ஒரு விதி ஏற்பட்டது. ஒவ்வொருவரும் நாள்தோறும் கையைக் காட்ட வேண்டும். எவ்வளவு சிறிய கீறலானாலும் கொப்புளமானாலும், அது எப்படி வந்தது என்று கண்டுபிடித்தே தீர வேண்டும். முதலில் வாலிபர்கள் சிரித்தார்கள். புண் தானாக வருவது, நோயினால் வருவது என்றார்கள். துப்பறிவது போல் ஒவ்வொன்றையும் பின்தொடர்ந்து போனபோது, தானாக வந்த புண் ஒன்றுகூட அகப்படவில்லை. அடுப்பிலிருந்த பாத்திரத்தைத் துணியின்றி இறக்கியதால் வந்தது ஒன்று. பீடி விரலிடுக்கில் எரிந்து முடிந்ததால் வந்தது ஒன்று. சுத்தியலின் பிடியிலிருந்த சிலாம்பு நாள் முழுவதும் உள்ளங்கையைக் குத்தியதால் வந்தது ஒன்று. விளக்குத் திரியை விரலால் நசுக்கி அணைத்ததால் வந்தது ஒன்று. இரவில் நன்றாயிருந்து காலையில் ஒரு துண்டு காணாமற்போன விரல்களின் மர்மம் மட்டும் சில காலம் பிடிபடவில்லை. ஒருவர் இரவு முழுவதும் விழித்திருந்து காவல் காத்ததில் அதுவும் வெளிப்பட்டது. உறங்குகிறவரின் கட்டிலில் ஏறி எலி கடித்தது. கடிபட்டவர் கையை இழுத்துக்கொள்ளவில்லை. அன்று முதல் வீடு திரும்பும் நோயாளிகளுக்கு மருந்தோடு ஒரு பூனைக்குட்டியையும் கொடுத்தனுப்பினார்கள். உலக மருத்துவ சரித்திரத்தில் பூனை மருத்துவச் சீட்டில் ஏறியது இந்த ஒரு முறைதான் என்று நினைக்கிறேன். கருவிகளின் பிடிகளைப் பெருக்கச் செய்து வழுவழுப்பாக இழைத்துக் கொடுத்தார்கள். காயங்கள் குறைந்தன, விரல்கள் குறைவதும் நின்றது. விரல்களைத் தின்றது கிருமியன்று. ஸ்பரிசமில்லாத கை அன்றாட வேலையில் தானே தன்னைத் தேய்த்துக்கொண்டது. காயம், அதில் சீழ், சீழ் எலும்புக்கு எட்டுதல், எலும்பு துணுக்குத் துணுக்காக வெளியேறுதல் என்பதே விரல் குட்டையாகும் வரிசை.

இது எத்தகைய நிரூபணம் என்று கேட்கும் உரிமை வாசகருக்கு உண்டு. அதே காலத்தில், 1956 முதற்கொண்டு, சென்னையில் காசநோயாளிகளைக் குலுக்கல் முறையில் இரு பிரிவாக்கி, ஒரு பிரிவை ஆரோக்கிய நிலையத்திலும் மற்றொன்றை அவரவர் வீட்டிலும் வைத்துச் சிகிச்சை செய்து ஒப்பிட்ட புகழ்பெற்ற ஆராய்ச்சி நடந்தது. வீட்டுச் சிகிச்சை எவ்விதத்திலும் குறைந்ததன்று என்று 1959-இல் அது உலகுக்குச் சொல்லிற்று. வேலூரின் கை ஆராய்ச்சி அந்த வகையைச் சேர்ந்ததன்று. அங்கே குலுக்கலும் இல்லை, ஒப்பிடுவதற்கென்று சிகிச்சையின்றி நிறுத்தி வைத்த பிரிவும் இல்லை. ஆண்டுக்கணக்கில் மடங்கிக் கிடந்த விரல் தானாக நிமிர்வதில்லையாதலால், ரண சிகிச்சையைப் பொறுத்தமட்டில் முன்னும் பின்னும் எடுத்த அளவுகளே போதுமான சாட்சி. ஆனால், காயத்தைத் தடுத்தால் விரல் நிலைக்கும் என்னும் கூற்றுக்கு அத்தனை உறுதியான சாட்சி ஆரம்பத்தில் இருந்ததாகச் சொல்ல முடியாது. கவனிப்பு மிகுந்த ஓரிடத்தில் எல்லாமே சற்று நன்றாகத்தான் நடக்கும். அந்தக் கணக்கு வேறொரு நோயில், வேறொரு தேசத்தில், பின்னர் தீர்க்கப்பட்டது.

அதற்குக் காலின் கதைக்கு வர வேண்டும். ஸ்பரிசமற்ற உள்ளங்காலில் வரும் குழிப்புண் கையின் புண்ணைவிடப் பொல்லாதது; மாதக்கணக்கில் ஆறாது. 1930-களில் கொழும்பில் ரண சிகிச்சை நிபுணராயிருந்த மில்ராய் பால், அத்தகைய காலுக்கு எலும்பு முறிவுக்குப் போடுவது போன்ற மாவுக்கட்டைப் போட்டு, நோயாளியை நடமாட விட்டுப் பார்த்தார். கட்டுக்குள் புண் ஆறியது. களிம்பு ஒன்றும் செய்யாததைக் கட்டு செய்ததற்குக் காரணம், உடலின் பாரம் புண்ணின் மேல் மட்டும் விழாமல் பாதம் முழுவதிலும் காலிலும் பரவியதே. வேலூரிலும், 1955-இல் அதன் அருகே ஏற்பட்ட கரிகிரி தொழுநோய் ஆராய்ச்சி நிலையத்திலும் இம்முறையைக் கையாண்டதோடு, ஆறிய பாதம் மறுபடி புண்ணாகாதிருக்க, நுண்ணிய காற்றறைகள் நிறைந்த மெத்தென்ற ரப்பரில் செருப்புகள் செய்தார்கள். நம் பக்கத்து மருத்துவமனைகளில் எம்.சி.ஆர். செருப்பு என்று இன்றும் கொடுக்கிறார்களே, அதன் பூர்வீகம் இதுதான்.

பிராண்ட் 1960-களின் நடுவில் அமெரிக்காவின் லூயிசியானா மாகாணத்தில், கார்வில் என்னுமிடத்திலிருந்த தொழுநோய் மருத்துவமனைக்குச் சென்றார். அங்கே எலிகளின் பாதங்களில் இயந்திரம் கொண்டு, காயப்படுத்தாத அளவு மிதமான அழுத்தத்தை, நாள்தோறும் ஆயிரக்கணக்கான முறை தட்டித் தட்டிக் கொடுத்துப் பார்த்தார்கள். முதல் நாள் ஒன்றுமில்லை. பிறகு சூடும் வீக்கமும். அதே தட்டல் தொடர்ந்தால் சில நாட்களில் புண். இடையிடையே ஓய்வு கொடுத்த எலிகளுக்கோ தோல் தடித்துப் பலப்பட்டது. நெடுந்தூரம் நடக்கும் நாம், நம்மையறியாமலே பாதத்தின் பாரத்தை இடம் மாற்றிக்கொண்டும், லேசாக நொண்டிக்கொண்டும், உட்கார்ந்தும் போகிறோம். உணர்விழந்த பாதமுடையவர் முதல் அடியை வைத்த அதே விதத்தில் கடைசி அடியையும் வைக்கிறார். புண் தோன்றுவதற்கு முன்பே அந்த இடம் சுடுகிறது என்பதும், அதைக் கையால் தொட்டே கண்டுகொள்ளலாம் என்பதும் இவ்வாராய்ச்சியின் விலைமதிப்பற்ற பலன்.

கார்வில்லில் தோற்றுப்போன முயற்சி ஒன்றும் உண்டு. வென்றவற்றைவிட அது எனக்குச் சுவையானதாகத் தோன்றுகிறது. இழந்த வலியைச் செயற்கையாகத் தருவதென்று, அழுத்தத்தை உணரும் சிறு கருவிகளைக் கையுறையில் பதித்து, அழுத்தம் மிஞ்சினால் காதில் ஒலி எழும்படி அமைத்தார்கள். ஒலி கேட்டது, வேலையை எவரும் நிறுத்தவில்லை. ஒலியை அகற்றி, உணர்வு எஞ்சியிருந்த அக்குளில் மின்சார அதிர்ச்சி கொடுக்கும்படி மாற்றினார்கள். அது நிஜமாகவே துன்புறுத்தியது. ஆனால், கடினமான திருகு ஒன்றை இறுக்க வேண்டி வந்தபோது, நோயாளி மின்சாரத்தை அணைத்துவிட்டு, திருகை இறுக்கி முடித்து, மறுபடி மின்சாரத்தைப் போட்டுக்கொண்டார். அணைப்பதற்கு வழியுள்ள எந்த எச்சரிக்கையும் வலியாகாது என்று தெரிந்ததும், பல ஆண்டு உழைப்பை மூட்டை கட்டிவிட்டார்கள்.

இதற்கிடையில் வேலூரில் மற்றொரு கிளை வளர்ந்திருந்தது. கேரளத்திலிருந்து வந்து அங்கே பயின்ற மேரி வர்கீஸ் என்னும் இளம் மருத்துவர் 1954-இல் மோட்டார் விபத்தொன்றில் முதுகுத்தண்டு முறிந்து, இடுப்புக்குக் கீழே அசைவும் உணர்வும் இழந்தார். சக்கர நாற்காலியில் அமர்ந்தபடியே தொழுநோயாளிகளின் கைகளுக்கு ரண சிகிச்சை செய்யப் பழகினார் அவர். கைக்கு வேண்டியது அமர்ந்து செய்யும் வேலையே என்று அவரை அதில் ஊக்கியவர் பிராண்ட். பிறகு ஆஸ்திரேலியாவிலும், நியூயார்க்கில் ஹோவர்ட் ரஸ்க் நடத்திய நிலையத்திலும் மறுவாழ்வு மருத்துவம் கற்றுத் திரும்பி, 1963-இல் அத்துறையின் தலைமையை ஏற்றார். 1966-இல், முதுகுத்தண்டு முறிந்தவர்கள் தங்கிப் பயிற்சி பெறும் மறுவாழ்வு நிலையம் திறக்கப்பட்டது. உணர்வற்ற பிட்டத்தில் படுக்கைப்புண் வருவதற்கும், உணர்வற்ற பாதத்தில் குழிப்புண் வருவதற்கும் விதி ஒன்றே. நாற்காலியில் இருப்பவர் இத்தனை நிமிஷத்துக்கொருமுறை கைகளை ஊன்றி உடலைத் தூக்கி இறக்க வேண்டும் என்னும் பாடத்தை, அதைத் தம் உடம்பிலேயே பயின்றவர் கற்பித்தார்.

முன்பு தீராதிருந்ததாகச் சொன்ன கணக்கு 1989-இல் தீர்ந்தது. அமெரிக்காவில், நீரிழிவினால் பாதத்தில் உணர்விழந்து புண் கண்ட 40 பேரைக் குலுக்கல் முறையில் பிரித்து, ஒரு பிரிவினருக்கு மில்ராய் பால் வழிவந்த மாவுக்கட்டையும், மற்றவர்களுக்கு வழக்கமான புண்கட்டுதலையும் கொடுத்துப் பார்த்தார்கள். மாவுக்கட்டுப் போட்ட 21 பேரில் 19 பேருக்குப் புண் ஆறியது. மற்ற 19 பேரில் 6 பேருக்கு மட்டுமே ஆறியது. கொழும்பிலும் வேலூரிலும் தொழுநோயாளிகளிடத்தில் கண்டறிந்தது, அந்நோயைப் பற்றியதே அன்று. உணர்விழந்த எந்தத் தோலுக்கும் பொதுவானது என்று இதனால் உறுதிப்பட்டது.

ஆகையால், நீரிழிவு உள்ள வாசகர்களுக்கு ஒரு விண்ணப்பம். தொழுநோய்க்காரர்களின் கதை நமக்கெதற்கு என்று இந்த அத்தியாயத்தைத் தள்ளிவிட வேண்டாம். ஒவ்வோர் இரவும் படுக்குமுன் இரண்டு உள்ளங்கால்களையும் வெளிச்சத்தில் பாருங்கள். குனிய முடியாவிட்டால் தரையில் ஒரு கண்ணாடியை வைத்துக்கொள்ளுங்கள், அல்லது வீட்டிலுள்ளவர்களைப் பார்க்கச் சொல்லுங்கள். ஒரு பாதத்தில் ஓரிடம் மட்டும் மற்றதைவிடச் சுடுகிறதா என்று கையால் தொட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். சுட்டால் மறுநாள் நடையை நிறுத்திவிட்டு வைத்தியரிடம் போங்கள். செருப்பையும் ஜோட்டையும் மாட்டுவதற்கு முன் உள்ளே கையை விட்டுத் துழாவுங்கள். வெந்நீரில் காலை வைக்குமுன் முழங்கையை வைத்துச் சோதியுங்கள். வலிக்கவில்லையே என்பதைக் காரணமாக வைத்துக்கொண்டு எந்தப் புண்ணையும் நாளைக்குத் தள்ளாதீர்கள்.